வளைஞ்ச வாகன பொடியில பாகம் பொருத்த டெம்ப்ளேற் எடுக்கிறது எப்பிடி: புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கு

சப்பட்டையான சாமான் ஒண்டை வளைஞ்ச தகரத்தில வைச்சா எங்கயோ ஒரு இடத்தில மட்டும்தான் முட்டும், மிச்சம் முழுக்கத் தூக்கிக்கொண்டு நிக்கும். மட்காட்டில சிக்னல் லைற் பூட்டேக்க, வானுக்கு உள்ளுக்கு பிளைவுட்டில தட்டு அடிக்கேக்க, பிக்கப் ரயருக்கு மேல அகலமா ஃபிளெயர் எண்ட விளிம்பு ஒண்டு போடேக்க, கூரையில கரியர் கால் இருத்தேக்க, எல்லாத்திலயும் இதே பிரச்சினைதான். கனபேர் என்ன செய்யினம் எண்டா ஸ்குரூவை இறுக்கி இறுக்கி இழுத்துப் பிடிக்கினம், இல்லாட்டி இடைவெளிக்குள்ள சிலிக்கனை அள்ளி அடைக்கினம். இறுக்கினா தகரம் உள்ளுக்குப் பணியும், லைற்றின்ர அடிப்பக்கம் பிளாஸ்ரிக் எண்டா வெடிக்கும். சிலிக்கன் ஒரு மாரி தாங்கும், பிறகு ஒரு மூலையில விட்டுப்போய் தண்ணி உள்ள இறங்கி அங்கயே நிண்டு கறள் பிடிக்கத் தொடங்கும், வெளியில பெயின்ற் கொப்புளிக்கிறது தெரியேக்க உள்ளுக்குத் தகரம் அரைவாசி போயிருக்கும்.

இதுக்கு வழி என்னெண்டா, உண்மையான பாகத்தை வெட்டுறதுக்கு முதல் அந்த இடத்தின்ர வளைவை ஒரு மலிவான மட்டையில பிரதி எடுக்கிறதுதான். அந்த மட்டையைத்தான் டெம்ப்ளேற் எண்டு சொல்லுறம். புதுசா வாற ஆக்களுக்கு நான் முதல் சொல்லுறது, வளைவை அளக்க வெளிக்கிடாதேங்கோ, பிரதி எடுங்கோ. ரேப் பிடிச்சு இத்தனை மில்லிமீற்றர் எண்டு கொப்பியில எழுதிப்போட்டு அதைப் பேந்து பலகையில கீறி வெட்டினா, வாசிக்கேக்க ஒரு சின்னப் பிழை, எழுதேக்க ஒண்டு, கீறேக்க ஒண்டு எண்டு எல்லாம் சேர்ந்து கடைசியில ஒரு நூல் ரெண்டு நூல் விலத்திப்போகும். மட்டையில நேர எடுத்தா நடுவில இலக்கமே வராது, தகரம் எப்பிடி நிக்குதோ அப்பிடியே மட்டைக்கு வரும், மட்டையில இருந்து பலகைக்குப் போகும். பிழைச்சாலும் போறது ஒரு பிஸ்கட் பெட்டி மட்டைதான், பிளைவுட் இல்லை.

வன்னியில வாகனம் வைச்சிருக்கிற எங்களுக்கு இது கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டிய வேலை எண்டு நான் நினைக்கிறன். யுத்தத்தால மூடியிருந்த ஏ9 றோட்டு 2002 இல திறக்கும்வரைக்கும் பெற்றோலுக்குத் தடை இருந்த இடம் இது, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 எண்ட பழைய கார்களெல்லாம் மண்ணெண்ணெயில ஓடின காலம், அப்ப ஒரு லைற் உடைஞ்சா அதே லைற் எங்க தேடுறது, கிடைக்கிற லைற்றைத்தான் அந்த மட்காட்டுக்கு ஏத்தமாதிரி இருத்தவேணும். பிறகு 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்டவை, அவ்வளவு காலமும் இருக்கிற வானையும் பட்டா எண்ட சின்ன லொறியையும் பிக்கப்பையும் வைச்சுத்தான் இழுத்தது. இண்டைக்கும் ஒரு பழைய வாகனத்துக்குச் சின்னப் பிளாஸ்ரிக் சாமான் ஒண்டு வேணுமெண்டா கிளிநொச்சியில கிடைக்காட்டி வவுனியா, அங்கயும் இல்லையெண்டா கொழும்பு பஞ்சிகாவத்தை. அங்கயும் வேற மொடலுக்கு வாறதுதான் இருக்கும் எண்டா அதைக் கொண்டுவந்து இஞ்ச பொருத்துறது எங்கட கையிலதான் இருக்கு.

சரி, வேலைக்கு வருவம். முதல்ல அந்த இடம் எவ்வளவு வளைஞ்சிருக்கு எண்டு பாக்கவேணும், ஏனெண்டா பார்வைக்குச் சப்பட்டையாத் தெரியிற கதவும் உண்மையில சப்பட்டை இல்லை. நேரான அலுமினியப் பட்டி ஒண்டு எடுங்கோ, 600 மில்லிமீற்றர், அதாவது ரெண்டடிக்குக் கிட்ட. அதின்ர நடு தகரத்தில முட்டுறமாதிரியும் ரெண்டு நுனியிலயும் இடைவெளி சமனா வாறமாதிரியும் பிடியுங்கோ. நுனியில 15 மில்லிமீற்றர் இடைவெளி தெரியுது எண்டு வைப்பம், அப்ப அந்த வளைவு கிட்டத்தட்ட 3 மீற்றர் ஆரை உள்ள ஒரு பெரிய வட்டத்தின்ர துண்டு. அந்த 3 மீற்றரை மறந்தாலும் பறவாயில்லை, இதை மட்டும் மனசில வைச்சிருங்கோ: அதே இடத்தில பாகத்தின்ர நீளத்தைப் பாதியாக்கினா இடைவெளி பாதியாகாது, காலாகும். 600 இல 15 எண்டா 300 இல 4 கூட வராது, 100 மில்லிமீற்றர் அகலமான ஒரு சின்ன லைற்றுக்கு அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆனபடியா சின்னச் சாமானுக்கு ஒரு றப்பர் வாசரே காணும், மினக்கெட்டு டெம்ப்ளேற் எடுக்கத் தேவையில்லை. பெரிய சாமானுக்குத்தான் வளைவு தன்ர வேலையைக் காட்டும்.

அடுத்தது, எனக்கு இந்த வேலையில ஆகப் பிடிச்ச இடம். அதே பட்டியைத் தகரத்தில வைச்சு மெல்லமாச் சுத்திப் பாருங்கோ, முதல் முன்னுக்குப் பின்னா, பிறகு மேலயிருந்து கீழ, பிறகு சரிவா. ஏதாவது ஒரு திசையில பட்டி முழு நீளத்துக்கும் ஒட்டி, அடியால வெளிச்சம் தெரியாம இருந்துதெண்டா அது ஒருவழி வளைவு. எந்தத் திசையில வைச்சாலும் ஆடுது எண்டா அது ரெண்டுவழி வளைவு. இந்த ரெண்டுக்கும் இடையில உள்ள வித்தியாசம் விளங்கவேணுமெண்டா ஒரு பேப்பரை எடுத்து பிவிசி பைப்பில சுத்திப் பாருங்கோ, வடிவா ஒட்டிக்கொண்டு போகும். அதே பேப்பரைத் தண்ணிக் குடத்தின்ர வயித்தில ஒட்டப் பாருங்கோ, ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பா எழும்பும், எவ்வளவு தடவினாலும் படியாது. எங்கட கை சரியில்லாம இல்லை, அது நடக்கவே ஏலாத காரியம். 1827 இல கவுஸ் எண்ட ஜேர்மன் கணித மேதை இதை நிறுவிக் காட்டினவர்: ஒரு மேற்பரப்பை இழுக்காம சுருக்காம வெறுமனே மடக்கினா அதுக்கு உள்ள வளைவுக் கணக்கு மாறாது, ஆகவே சப்பட்டையா இருக்கிற தாள் ஒருநாளும் குடத்தின்ர வயிறாக மாறாது. தகரத்துக்கும் இதே கதைதான், அதாலதான் ரிங்கர் வேலைக்காரர் (தகரம் தட்டி உருவமாக்கிறவை) மட்காட் அடிக்கேக்க ஒரு இடத்தைத் தட்டி விரிக்கினம், இன்னொரு இடத்தைச் சுருக்கினம். பிளைவுட், அக்ரிலிக் (பிளாஸ்ரிக் கண்ணாடி), தகரத் தட்டு எதுவா இருந்தாலும் ஒருவழி வளைவுக்கு மடக்கிப் பொருத்தலாம், ரெண்டுவழி வளைவுக்கு மடக்க ஏலாது, செதுக்கோணும், இல்லாட்டி அடிச்சு எடுக்கோணும், அதுவும் இல்லாட்டி வார்க்கோணும். இதைத் தெரியாம தொடங்கினா எவ்வளவு நல்ல பிளைவுட் வாங்கினாலும் காசுதான் வீண்.

முதல் சுகமானதைப் பாப்பம். வானுக்கு உள்ளுக்கு ஒரு தட்டு அடிக்கிறம், சந்தைக்குச் சாமான் ஏத்துற வான், தட்டின்ர ஓரம் பக்கச் சுவரோட ஒட்டவேணும். ஒரு மட்டையை எடுத்து ரசமட்டம் வைச்சு, தட்டு எந்த உயரத்தில நிக்கப்போகுதோ அதே உயரத்தில பிடிச்சு, சுவரில ஏதாவது ஒரு இடம் முட்டும்வரைக்கும் தள்ளுங்கோ. இப்ப சில இடத்தில இடைவெளி இருக்கும், அதில ஆகப் பெரிய இடைவெளி 30 மில்லிமீற்றர் எண்டு வைப்பம். பள்ளிக்கூடக் கவராயத்தை அதை விடக் கொஞ்சம் கூட, 32 க்கு விரிச்சு, ஒரு காலைச் சுவரோட முட்டவிட்டு, பென்சில் காலை மட்டையில வைச்சு, ஒரு முனையில இருந்து மற்ற முனைக்கு இழுத்துக்கொண்டு போங்கோ. சுவரின்ர மேடு பள்ளம், தூண், வயர் போற மடிப்பு எல்லாம் கோடா மட்டையில வரும். அந்தக் கோட்டில வெட்டி, மட்டையை 32 மில்லிமீற்றர் முன்னுக்குத் தள்ளினா ஒட்டும்.

ஆனா இதில ஒரு விசயத்தைத்தான் ஆக்கள் கூடுதலாப் பிழை விடுறவை. கவராயத்தைச் சுவரின்ர வளைவோட சேர்த்துத் திருப்பக் கூடாது. தட்டு எந்தத் திசையால உள்ளுக்குத் தள்ளுப்படப்போகுதோ, அந்தத் திசைக்கே கவராயம் எப்பவும் பாத்தபடி இருக்கோணும், சுவர் எப்பிடிச் சரிஞ்சாலும் சரி. ஏனெண்டா மட்டையைத் தள்ளேக்க அதில உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரே திசையிலதான் 32 மில்லிமீற்றர் போகுது, சுவருக்குச் செங்குத்தாப் போகேல்லை. சுவர் 45 பாகை சரிஞ்சிருக்கிற ஒரு இடத்தில, உதாரணத்துக்கு ரயர் வளைவு தொடங்கிற இடத்தில, கவராயத்தைச் சுவருக்குச் செங்குத்தாத் திருப்பி 32 வைச்சீங்கள் எண்டா, தள்ளுற திசையில பாத்தா அந்தக் கோடு சுவரில இருந்து 45 மில்லிமீற்றர் தள்ளி நிக்கும். பிறகு 32 தான் தள்ளுறீங்கள், மிச்சம் 13 மில்லிமீற்றர் ஓட்டை, ஒரு விரல் போகும். இதைத் தவிர்க்கிறதுக்கு லேசான வழி, மட்டையில முதலே தள்ளுற திசைக்கு ஒரு இஞ்சிக்கு ஒரு கோடா நேர் நேராக் கீறி வைச்சிருங்கோ, கவராயம் அந்தக் கோடுகளோட ஒத்து நிக்குதோ எண்டு கண்ணாலயே பாக்கலாம். சில ஆக்கள் கவராயத்துக்குப் பதிலா ஒரு பெரிய வாசரைச் சுவரோட உருட்டி அதின்ர ஓட்டைக்குள்ள பென்சிலை விட்டுக் கீறுவினம், அது எப்பவும் சுவருக்குச் செங்குத்தாத்தான் எடுக்கும், ஆனபடியா மெல்லிய வளைவுக்குச் சரி, கூடின சரிவுக்குச் சரிவராது.

மட்டையைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. நெளி உள்ள தடிச்ச பெட்டி மட்டை வெட்டேக்க ஓரம் நசியும், பிஸ்கட் பெட்டி, சேட்டுப் பெட்டி மட்டை மாதிரி மெல்லிய இறுக்கமான மட்டைதான் கோட்டைச் சரியாக் காட்டும். பெரிசா வேணுமெண்டா துண்டு துண்டா வைச்சு ரேப்பால ஒட்டிக்கொண்டு போகலாம், முழு மட்டையை ஒரேயடியா வளைவுக்கு வெட்டப் பாக்கிறதை விட, சின்னச் சின்னத் துண்டாச் சுவரோட ஒட்ட ஒட்ட வைச்சு நடுவில சேர்க்கிறதுதான் வேகமும் திருத்தமும். மாரியில மட்டை ஈரத்தைக் குடிச்சு நெளியும், ஐப்பசி கார்த்திகையில இண்டைக்கு எடுத்த மட்டையை நாளைக்கு நம்ப ஏலாது, ஆனபடியா அண்டைக்கே அதை மெல்லிய பிளைவுட்டிலயோ பழைய அலுமினியத் தகட்டிலயோ மாத்திக் கீறி வையுங்கோ. வெய்யில் காலத்தில வேற பிரச்சினை, நடுப்பகலில தகரம் கை வைக்கேலாத சூடு, மாஸ்கிங் ரேப்பின்ர பசை உருகி பொடியிலயே ஒட்டிப்போடும். காலமை எட்டு மணிக்குள்ள, இல்லாட்டி பின்னேரம் மாமர நிழலில விட்டுச் செய்யுங்கோ.

கோடு எடுக்கிறதுக்கு இன்னொரு கருவி இருக்கு, கடையில வளைவு எடுக்கிற சீப்பு எண்டு வரும், ஊசி ஊசியா அடுக்கியிருக்கும், தள்ளினா வளைவுக்கு ஏத்தமாதிரி ஒவ்வொரு ஊசியும் பின்னுக்குப் போகும். கடைச் சீப்பு சின்னன், ஒரு மட்காட்டுக்குக் காணாது, ஆனா வீட்டிலயே செய்யலாம். முத்தின தென்னோலை ஈர்க்கை ஒரே தடிப்பாத் தெரிஞ்செடுத்து அரை அடி நீளத்துக்கு வெட்டி, ரெண்டு நேரான பலகைத் துண்டுக்கு நடுவில நெருக்கமா அடுக்கி, பலகைக்கு உள்பக்கம் மோட்டச்சைக்கிள் ரியூப்பில ஒரு பட்டி வெட்டி ஒட்டி, ரெண்டு முனையிலயும் போல்ட் போட்டு இறுக்குங்கோ. றப்பர் பிடிமானம் குடுக்கிறதால ஈர்க்கு தானா விழாது, தள்ளினா மட்டும் நகரும். இதைத் தகரத்தில அழுத்திப்போட்டு போல்ட்டை இறுக்கி, மட்டையில வைச்சு ஈர்க்கு நுனிகளால கோடு கீறினா வளைவு வந்திடும். நீண்டகாலத்துக்கு வேணுமெண்டா ஈர்க்குக்குப் பதிலா 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் கம்பியை எடுத்து, மேல உள்ள பூச்சைத் தட்டிப்போட்டு வெட்டி அடுக்கலாம், ஒரு அடி நீளத்துக்கு 120 துண்டு வரும். கம்பி எண்டா முனையை அரத்தால உரஞ்சி மழுக்குங்கோ, பொடியில ரேப் ஒட்டிப்போட்டு வையுங்கோ, இல்லாட்டி பெயின்ற்றில கீறல் விழும்.

இனி ரெண்டுவழி வளைவு. மொறிஸ் மைனரின்ர முன் மட்காட்டை நினைச்சுக்கொள்ளுங்கோ, எங்க தொட்டாலும் உருண்டைதான். அதில ஒரு லைற்றுக்கு மரத்தாலயோ கட்டி றப்பராலயோ ஒரு அடிக்கட்டை செய்யோணும், மேல்பக்கம் சப்பட்டை, கீழ்பக்கம் மட்காட்டோட ஒட்டவேணும். இதுக்கு ஒரு மட்டை காணாது, ரெண்டாவது வேணும். ஒண்டு முன்னுக்குப் பின்னா, மற்றது குறுக்கால, ரெண்டையும் தனித்தனியா வளைவுக்கு வெட்டி, நடுவில பாதிப் பாதி வெட்டிச் சிலுவை மாதிரிக் கோர்த்தா அது தகரத்தில தானாக நிக்கும். கட்டையில அந்த ரெண்டு கோட்டையும் கீறி, கோடு வரைக்கும் செதுக்கிப்போட்டு மிச்சத்தைக் கண் பாத்துச் சேர்க்கலாம். கடைசித் திருத்தத்துக்கு இருக்கிற வழியிலயே எனக்குப் பிடிச்சது இதுதான்: தகரத்தில ரேப் ஒட்டி, அதுக்கு மேல 80 ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரை முகம் மேல பாக்க ஒட்டி, கட்டையை அதே இடத்தில வைச்சு ஒரு இஞ்சிக்குள்ள முன்னுக்கும் பின்னுக்கும் உரஞ்சுங்கோ. கட்டையில மேடா நிக்கிற இடமெல்லாம் தேய்ஞ்சு மட்காட்டின்ர வளைவு அப்பிடியே கட்டையின்ர அடியில வந்திடும். எந்த இலக்கமும் இல்லை, மட்காட்டே தனக்குத் தேவையான வளைவை வெட்டித் தருது.

ஃபிளெயர் மாதிரி நீளமான சாமானுக்கு, ரெண்டு இஞ்சிக்கு ஒரு மட்டை எண்டு வரிசையா எடுத்து, ஒரு பலகையில அதே இடைவெளியில நட்டு, மேல மெல்லிய சட்டம் படுக்கப்போட்டு உருவத்தைப் பிடிக்கலாம். முல்லைத்தீவுக் கரையில மரவள்ளம் கட்டின ஓடாவிமாருக்கு இது புது விசயமே இல்லை.

ரெண்டுவழி வளைவில ஒரு பாகத்தின்ர வெளி ஓரம் எங்க போகுது எண்டு பிடிக்கிறதுக்கு ரேப் தோல் முறை நல்லது. மாஸ்கிங் ரேப்பை முதல் ஒரு பக்கமா, பிறகு அதுக்குக் குறுக்கால எண்டு ரெண்டு படை, ஒண்டுக்கு மேல ஒண்டு கொஞ்சம் ஏறினமாதிரி ஒட்டுங்கோ. அதுக்கு மேல பேனையால பாகத்தின்ர உருவத்தைக் கீறுங்கோ, தள்ளி நிண்டு பாத்து, வடிவில்லாட்டி அழிச்சு மாத்திக் கீறுங்கோ, இந்த இடத்தில அவசரப்படாதேங்கோ. பிறகு கோட்டால மெல்லமா வெட்டி (பிளேட்டை அழுத்தினா அடியில பெயின்ற் வெட்டுப்படும், மேல் படை மட்டும் வெட்டுப்பட்டாக் காணும், மிச்சத்தை உரிச்சுப்போட்டுக் கத்திரிக்கோலால வெட்டலாம்) முழுத் தோலையும் ஒரே துண்டா உரிச்செடுத்து மேசையில ஒரு மட்டைக்கு மேல விரியுங்கோ. உருண்டையான இடத்தில எடுத்த தோல் எண்டா அது சப்பட்டையாப் படியாது, நடுவைப் படுக்கவைச்சா ஓரம் இழுபடும், அங்கங்க ஓரத்தில இருந்து உள்ளுக்கு வெட்டு விட்டாத்தான் படியும், படியேக்க அந்த வெட்டெல்லாம் முக்கோணமா விரியும். அந்த முக்கோண இடைவெளியைத்தான் வடிவாப் பாக்கோணும். சப்பட்டைத் தகரத்தில இந்தப் பாகத்தைச் செய்தா ஓரத்தில அந்தளவு தகரம் கூடுதலா இருக்கு, அதைச் சுருக்கோணும், இல்லாட்டி நடுவைத் தட்டி விரிக்கோணும் எண்டு அது சொல்லுது. குதிரைச் சேணம் மாதிரி எதிர் எதிரா வளையிற இடத்தில மாறி வரும், ஓரம் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறும், அங்க தகரம் காணாது, ஓரத்தை அடிச்சு நீட்டோணும். ரிங்கர் அண்ணையிட்ட வேலையைக் குடுக்கப்போறீங்கள் எண்டாலும் இந்தத் தோலைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, வாயால விளங்கப்படுத்துறதை விட இதைக் கண்டவுடன அவருக்குச் சட்டெண்டு பிடிபடும்.

இன்னும் சிக்கலான உருவம் எண்டா டெம்ப்ளேற்றை விட்டிட்டு அச்சு எடுக்கிறதுதான் சரி. பொடியில மெழுகு ரெண்டு மூண்டு தரம் பூசித் துடைச்சு, அல்லது ரேப் ஒட்டி அதுக்கு மேல மெழுகு பூசி, ஃபைபர் பாயும் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினும் போட்டு எடுத்தா அந்த இடத்தின்ர வளைவு அப்பிடியே கிடைக்கும். மெழுகில்லாம நேர பெயின்ற்றில போட்டீங்கள் எண்டா பெயின்ற்றோடதான் கழரும். ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர் ரெசினில 1 இல இருந்து 2 வீதம், எங்கட வெய்யிலுக்கு ஒரு வீதத்தோட நிக்கிறது நல்லது, கூடினா பாய் படுத்து முடிக்கிறதுக்குள்ளயே கட்டியாகும். கண்ணுக்குக் கண்ணாடி போடாம ஹார்ட்னர் போத்திலைத் திறக்கவே வேண்டாம், அது கண்ணில பட்டாப் பார்வைக்கே ஆபத்து. கரையில ஃபைபர் படகு திருத்துற ஆக்கள் முல்லைத்தீவுப் பக்கம் கனபேர் இருக்கினம், ஒருநாள் பக்கத்தில நிண்டு பாத்தாலே போதும், கை எப்பிடிப் போகுது எண்டு விளங்கும்.

வலப்பக்கம் எடுத்த டெம்ப்ளேற்றைத் திருப்பிப் போட்டா இடப்பக்கத்துக்கு வருமோ எண்டு கேப்பினம். கொம்பனியால வந்தபடியே இருக்கிற வாகனத்துக்கு அனேகமா வரும். ஒருக்கா அடிபட்டுத் திருத்தின வாகனத்துக்கு நம்பாதேங்கோ, இஞ்ச ஓடுற பழைய வாகனத்தில அடிபடாதது எது, திருப்பி வைச்சுப் பாத்திட்டுத்தான் வெட்டோணும். நடுக்கோடும் கவனம். மொறிஸ் மைனரை வடிவமைச்ச அலெக் இசிகோனிஸ், 1948 இல கார் வெளிய வாறதுக்குக் கொஞ்சம் முன்னால அகலம் காணாது எண்டு மாதிரிக் காரை நீளவாக்கில ரெண்டா வெட்டி, தள்ளித் தள்ளி வைச்சுப் பாத்து, 4 இஞ்சி கூட்டினவர். அதாலதான் அந்தக் காரின்ர பொனற்றுக்கு நடுவால ஒரு சப்பட்டைப் பட்டி ஓடுது, முதலே செய்து வைச்ச பஃபர்களையும் நடுவில வெட்டி ஒரு துண்டு வைச்சுத்தான் நீட்டினவை. அந்தப் பொனற்றின்ர நடுவில ஏதாவது பொருத்திற எண்ணம் இருந்தா, பக்கத்து வளைவை அப்பிடியே நடுவரைக்கும் தொடரும் எண்டு நினைச்சுக் கீறக் கூடாது, வளைவு அங்க நிண்டுபோகும்.

எந்த டெம்ப்ளேற் எடுத்தாலும் அதைத் திரும்ப அதே இடத்தில வைக்க வழி வேணும். வளைவில மட்டை ஒரு விரல் தள்ளினாலே வேற வளைவு. ரேப் ஒட்டி அதில மட்டையையும் பொடியையும் தாண்டிப் போறமாதிரி மூண்டு இடத்தில கோடு கீறி விடுங்கோ, ரெண்டு கோடு காணாது, மூண்டு இருந்தாத்தான் சரிவும் பிடிபடும். கதவு இடைவெளி, ஏற்கனவே இருக்கிற போல்ட் ஓட்டை மாதிரி மாறாத இடத்தில இருந்து தூரத்தையும் மட்டையிலயே எழுதி வைக்கலாம்.

தடிப்பு எண்டது ஆக்கள் மறக்கிற அடுத்த விசயம். மட்டை அரை மில்லிமீற்றர், செய்யப்போற சாமான் 12 மில்லிமீற்றர் பிளைவுட் எண்டா, மடக்கேக்க உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே நீளம் இல்லை. 90 பாகை மடங்கிற ஒரு வளைவில 12 மில்லிமீற்றர் தடிப்புக்கு வெளிப்பக்கம் உள்பக்கத்தை விட கிட்டத்தட்ட 19 மில்லிமீற்றர் கூட, வளைவு பெரிசோ சின்னனோ வித்தியாசம் இல்லை. 3 மில்லிமீற்றர் றப்பருக்கே 5 க்குக் கிட்ட வரும். ஆனபடியா உள்பக்கத்தில எடுத்த மட்டையை வைச்சு வெளிப்பக்கத்துக்கு வெட்டினாக் கட்டையாப் போகும். றப்பர் இடையில வைக்கப்போறீங்கள் எண்டா, அந்த றப்பரை வைச்சபடியே டெம்ப்ளேற் எடுங்கோ, கணக்குப் பாக்கிற வேலை மிச்சம்.

சூடும் தன்ர பங்கைக் கேக்கும். ஒரு மீற்றர் நீள அக்ரிலிக் 40 பாகை சூடு கூடினா 3 மில்லிமீற்றருக்குக் கிட்ட நீளும், அது பூட்டியிருக்கிற இரும்புத் தகரம் அரை மில்லிமீற்றர்தான் நீளும். வைகாசி ஆனி வெய்யிலில பரந்தன் சந்தியில நாள் முழுக்க நிக்கிற வாகனத்துக்கு அந்த 40 பாகை ஒரு பெரிய விசயமில்லை. பிளாஸ்ரிக் கண்ணாடி போடேக்க ஒரு ஓட்டையை மட்டும் அளவாத் துளைச்சு, மற்றதெல்லாத்தையும் நீள்வட்டமா விடுங்கோ, வாசர் போட்டு மெல்லமா இறுக்குங்கோ, இல்லாட்டி ஸ்குரூவடியில இருந்து வெடிப்புத் தொடங்கும்.

வெட்டின பாகம் உண்மையில ஒட்டுதோ எண்டு பாக்க வெண்கட்டி காணும். பொடியில ரேப்புக்கு மேல வெண்கட்டியைத் தடவி, பாகத்தை வைச்சு ஒரு தடவை அழுத்தி எடுங்கோ. வெள்ளை பட்ட இடம்தான் முட்டுற மேடு, அதை மட்டும் அரத்தால தேய்ச்சு, திரும்ப வெண்கட்டி, திரும்ப அழுத்து. முதல் ரெண்டு மூண்டு புள்ளிதான் வெள்ளையா வரும், போகப்போக வெள்ளை பரவும், முக்கால்வாசிக்கு மேல பரவினா மிச்சத்தை றப்பர் பாத்துக்கொள்ளும். வெளிச்சத்துக்குப் பிடிச்சு இடைவெளி பாக்கிறதும் நல்லதுதான், ஆனா உள்ளுக்கு மறைஞ்சிருக்கிற மேட்டை வெளிச்சம் காட்டாது.

ஓட்டை துளைக்கிறது எல்லாத்துக்கும் கடைசி. டெம்ப்ளேற்றில முதல் துளைச்சு, அதைப் பொடியில வைச்சுக் குறி எடுத்து, பின்பக்கம் வயரோ எண்ணெய்த் தாங்கியோ இருக்கோ எண்டு கையை விட்டுப் பாத்திட்டு, சின்ன ட்ரில்லால தொடங்கிப் பெருப்பியுங்கோ. துளைச்ச ஓட்டையின்ர ஓரத்தில வெறும் இரும்பு தெரியும், அதைத் துடைச்சு ரெட் ஒக்சைட் (கறள் தடுக்கிற அடிப்பூச்சு) பூசி, அது காய்ஞ்சாப்பிறகுதான் பாகத்தை வைச்சுப் பூட்டவேணும், காயாம பூட்டினா பூச்சு உரஞ்சுப்பட்டு அந்த ஓட்டையிலயே கறள் தொடங்கும். டெம்ப்ளேற்றை எறியாதேங்கோ. எந்த வாகனம், எந்தப் பக்கம், மேல் எது, எந்த முகம் வெளிப்பக்கம், தடிப்பு சேர்த்ததோ சேர்க்காததோ எண்டு அதிலயே மார்க்கரால எழுதி, ஒரு ஓட்டை போட்டு கராஜ் சுவரில ஆணியில கொழுவி விடுங்கோ, பக்கத்து ஊரில அதே வாகனம் வைச்சிருக்கிற ஆரும் வந்து கேட்டாக் கழட்டிக் குடுக்கலாம்.